உருட்டினால் பாடும் பந்து: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் என் பேத்திக்காக நான் செய்த இசைப்பந்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆறு எஃகுக் கம்பிகள். உருட்டினால் சுரங்கள் மணி மணியாக உதிரும். பேட்டரி கிடையாது. இதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் மகனுக்கு எட்டு மாதம். கடையில் வாங்கிய பாட்டுப் பந்தை முதல் நாள் விட்டுப் பிரியவே இல்லை. மூன்றாம் நாள் கண்டுகொள்ளவில்லை. பந்தில் என்ன குறை? உங்களுக்கு இந்த யோசனை எப்படி வந்தது?

பந்தில் பழுது எதுவும் இல்லை அம்மா. அது என்னவெல்லாம் செய்யும் என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரிந்துபோய்விட்டது, அவ்வளவுதான். உள்ளே ஒரு சிப் இருக்கிறது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் அதே பாட்டு, அதே வேகம். பாதியில் நிறுத்த நினைத்தாலும் நிற்காது. அவன் கைக்கும் அந்தச் சத்தத்துக்கும் முதல் தட்டோடு உறவு முடிந்துவிடுகிறது.

திருச்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆர்மோனியப் பட்டறை. 34 வருடமாக அங்கேதான் ரீடு (காற்றுப் பட்டால் ஒலிக்கிற பித்தளை நாக்கு) மாற்றிக்கொண்டும் துருத்தி ஒட்டிக்கொண்டும் இருக்கிறேன். பேத்தி தவழ ஆரம்பித்த சமயம் அது. ஒரு பழைய பெட்டியிலிருந்து கழற்றிய பித்தளை ரீடுகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, ஸ்டூல் மேல் வைத்திருந்தேன். முழங்கை பட்டு டப்பா கீழே விழுந்து உருண்டது. கையில் இருந்த பாட்டுப் பந்தைப் போட்டுவிட்டு அவள் அதன் பின்னாலேயே போனாள். மெல்லத் தள்ளினாள், 'கிணிங்' என்றது. வேகமாகத் தள்ளினாள், கலகலவென்று கொட்டியது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. அப்போது அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். 'இந்தக் கையா இதைச் செய்தது?' என்று கேட்பது போல இருந்தது. அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்து இதை எழுதிவைத்திருக்கிறார். நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் குழந்தை எதையாவது தட்டி, அது ஆடினாலோ சத்தம் போட்டாலோ, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். தான் செய்ததற்கு என்ன பதில் வருகிறது என்று பார்க்கிற வயது அது. நம் பனையோலைக் கிலுகிலுப்பை இதைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறது. எப்படி ஆட்டுகிறோமோ அப்படிப் பேசும். நான் செய்தது அந்தக் கிலுகிலுப்பைக்குச் சுருதி சேர்த்தது மட்டும்தான்.

இந்த வகையில் முதல் ஆளும் நான் இல்லை. அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் 1960களிலேயே ஒரு மணிப்பந்து கொண்டுவந்தது. கண்ணாடி போன்ற கூடு, உள்ளே ஆடுகுதிரைகள், அசைத்தால் இனிய மணியோசை. அடியில் கனம் இருப்பதால் தஞ்சாவூர் பொம்மை போல ஆடி நிமிர்ந்துவிடும். உட்கார மட்டும் தெரிந்த ஆறு மாதக் குழந்தைக்கு அப்படிப்பட்ட பந்துதான் சரி, கட்டிலுக்கு அடியில் ஓடிப்போகாது. தவழ ஆரம்பித்துவிட்டால் ஓடுகிற பந்து வேண்டும். உங்கள் மகனுக்கு இப்போது ஓடுகிற பந்து கொடுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர்: கம்பிகளை என்ன நீளத்தில் வெட்டினீர்கள் ஐயா? நான் பாதி நீளத்தில் வெட்டிப் பார்த்தேன். மேல் ஸட்ஜம் வரவில்லை, எங்கோ உச்சியில் கீச்சிடுகிறது.

தம்பி, நீங்கள் வீணைத் தந்தியின் கணக்கை இங்கே போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய தந்தியைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி, அதாவது ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு, ஏறும். ஒரு முனையை மட்டும் இறுகப் பிடித்த கம்பிக்குக் கணக்கே வேறு. அதன் அதிர்வெண் நீளத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் போகும். பாதியாக வெட்டினால் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி. அதனால்தான் கீச்சிடுகிறது. ஒரு ஸ்தாயி மட்டும் ஏற வேண்டுமென்றால் நீளத்தை 0.707ஆல் பெருக்குங்கள்.

நான் எடுத்தது சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, 2 மி.மீ. கனம். எங்கும் கிடைக்கும், துருவும் சுலபத்தில் பிடிக்காது. ஸட்ஜத்துக்கு 60 மி.மீ. வைத்தேன். அப்புறம் ரிஷபம் 56.6, காந்தாரம் 53.7, பஞ்சமம் 49, தைவதம் 46.5, மேல் ஸட்ஜம் 42.4. இது கம்பிகளின் ஒரு முனையை இறுகப் பிடிக்கிற பித்தளைக் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நீளம். உள்ளே போகிற 10 மி.மீ. தனி. கட்டைக்குள் கம்பி மயிரிழை ஆடினாலும் ஓசை செத்துவிடும்.

என்ன ராகம் என்று இந்நேரம் புரிந்திருக்கும். மோகனம். பந்து உருளும்போது எந்தக் கம்பியில் எப்போது அடி விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மத்திமமும் நிஷாதமும் இல்லாததால் அரைச் சுர இடைவெளி எங்குமே வராது. எந்த இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தாலும் உறுத்தாது. முதலில் மேல் ஸட்ஜத்தோடு எட்டுக் கம்பி போட்டு, ஏழு சுரமும் உள்ள சங்கராபரணம்தான் வைத்தேன். காந்தாரமும் மத்திமமும் ஒன்றாக அடிபட்டபோதெல்லாம் பேத்தி கண்ணைச் சிமிட்டினாள். மத்திமம், நிஷாதம் இரண்டையும் கழற்றிவிட்டேன்.

எல்லாக் கம்பியையும் 2 மி.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு நுனியில் அரம் போடுங்கள். நான்கு இழுப்பு, ஒரு தட்டு, காதால் கேட்பது, மறுபடி நான்கு இழுப்பு. நுனியில் தேய்த்தால் சுருதி ஏறும். கொஞ்சம் தாண்டிவிட்டால் பதற வேண்டாம். கட்டையை ஒட்டிய அடிப்பகுதியில் லேசாகச் சுரண்டுங்கள், இறங்கிவிடும். ஆர்மோனிய ரீடு நாக்குக்கும் இதே வைத்தியம்தான். அரம் போட்டதும் கம்பி சூடாக இருக்கும், ஆறவிட்டுத்தான் தட்டிக் கேட்க வேண்டும். சுரத்தைக் காட்டுகிற செல்போன் ட்யூனரை முழுதாக நம்பாதீர்கள். இந்தக் கம்பியின் முதல் மேலொலி, அதாவது அடிச்சுரத்தோடு கூடவே எழுகிற உயர்ந்த ஒலி, அடிச்சுரத்தைப் போல 6.27 மடங்கு. இரண்டு, மூன்று என்று முழு எண்ணில் வராததால்தான் மணி போன்ற நாதம் கிடைக்கிறது. அதே காரணத்தால் ட்யூனர் சில நேரம் மேலொலியைப் பிடித்துக்கொண்டு வேறு சுரம் காட்டும்.

இன்னொன்று. தனியாகக் கையில் பிடித்துத் தட்டினால் கம்பிக்குச் சத்தமே இல்லை. வீணைக்குக் குடம் போல இதற்கும் ஒன்று வேண்டும். கீழே விழுந்தால் அதிர்ச்சி தாங்கட்டும் என்று பித்தளைக் கட்டையை முதலில் ஸ்பாஞ்ச் மேல் ஒட்டினேன். பந்து ஊமையாகிவிட்டது. மெல்லிய பிளைவுட் வட்டம் ஒன்றில் கட்டையைத் திருகி, வட்டத்தின் விளிம்பைக் கூட்டின் உள்சுவரில் இறுக்கியதும் அறை முழுக்கக் கேட்டது. கம்பியைத் தட்டுகிற பரலாக முதலில் போட்டவை சைக்கிள் பால்ஸ். இரும்பும் இரும்பும் மோதி ஒரே தகரச் சத்தம். கடைசல் பட்டறையில் வெட்பாலை மரத்தில் மூன்று மணிகள் கடைந்து வாங்கினேன். மரம் பட்ட பிறகுதான் கம்பி பாடியது.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி: பேட்டரி போட்ட பந்துகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. பயப்படுவது சரிதானா?

சரிதான் அம்மா. பட்டன் பேட்டரி என்றால் நிச்சயம் பயப்படுங்கள். பொம்மைகளில் சாதாரணமாக வருகிற சிஆர்2032, 20 மி.மீ. அகலம். குழந்தையின் உணவுக்குழாயில் சரியாக மாட்டிக்கொள்கிற அளவு. மாட்டிய இடத்தில் ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே தசையை அரித்துவிடும். பொம்மையை ஓட்டச் சக்தியில்லாத 'தீர்ந்துபோன' பேட்டரியும் இதைச் செய்யும். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சளித்தொல்லை போலவே தெரியும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் அது நாணயம் போலத் தெரியும் என்பதால், பேட்டரியாக இருக்கலாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

ஆகவே பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிகிற பொம்மையை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பேட்டரி இல்லாததாலேயே ஒரு பந்து நல்ல பந்தாகிவிடாது. என் பந்து உடைந்தால் உள்ளே மூன்று மரமணிகளும் ஆறு கம்பிகளும் இருக்கின்றன. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 44.5 மி.மீ. விட்டத்துக்குள் அடங்குகிற எந்த உருண்டையும் ஆகாது, தொண்டையை அடைத்துவிடும். அதனால் கூடு உடையவே கூடாது. ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையை நாலரை அடி உயரத்திலிருந்து 10 தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நான் சிமெண்டுத் தரையில் போட்டேன். பசை வைத்து ஒட்டிய முதல் கூடு ஆறாவது தடவையில் வாயைப் பிளந்தது. அதைப் பேத்தி கையில் கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. கூடு செய்து கொடுப்பதற்கு முன்னால் போட்டுப் பார்க்க வேண்டியதை, கொடுத்த பின்னால் பார்த்தேன். இப்போதைய கூட்டில் இரு பாதிகளும் மரை போட்டு இறுகி, அதற்கு மேல் சூட்டில் உருக்கி இணைத்தவை. 40 தடவை போட்டாகிவிட்டது.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: என்னிடமும் இசைப்பந்து யோசனை ஒன்று இருக்கிறது. காப்புரிமை வாங்கலாமா? அதற்கு முன் ஏதாவது கம்பெனியில் காட்டலாமா?

முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் காட்டுவது. ஊருக்குத் தெரிந்துவிட்ட யோசனைக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. நான் சென்ற இதழில் எழுதியதோடு என் பந்து ஊர்ச் சொத்தாகிவிட்டது. தெரிந்தேதான் எழுதினேன், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

முழு வடிவம் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பிக்கலாம். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்கு 4,000 ரூபாய் தனி. கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். நமக்குச் சென்னை கிண்டியில் அலுவலகம் இருக்கிறது. அதற்கு முன் பழைய காப்புரிமைகளை இணையத்தில் தேடிப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. ஒலிக்கிற பந்துக்கு நிறையப் பேர் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்கள். உங்கள் புதுமை உள்ளே இருக்கிற இயக்கத்தில் இல்லாமல் தோற்றத்தில் மட்டும் என்றால் வடிவமைப்புப் பதிவே போதும். 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம்.

விற்பதானால் இன்னொரு படி இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஒரு பொம்மை வியாபாரி என் பந்தைக் கையில் வாங்கி, ஒரு முறைகூட உருட்டிப் பார்க்காமல், 'உள்ளே லைட் போடுங்கள், சினிமாப் பாட்டு போடுங்கள், ஓடும்' என்றார். நான் பந்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களுக்கு உருட்டிப் பார்க்கிற ஒருவர் கிடைக்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. உங்கள் பந்து அவளுக்கு உதவுமா?

இந்தக் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன் ஐயா. உருளும்வரை உதவும். நின்றுவிட்டால் உதவாது. மற்றக் குழந்தைகளுக்கு எது இந்தப் பந்தின் நல்ல குணம் என்று மேலே எழுதினேனோ, அதுவே உங்கள் மகளுக்குக் குறையாகிவிடுகிறது. பந்து நின்றதும் ஓசையும் நிற்கும். பிறகு அவள் அதை எங்கே தேடுவாள்?

பெரியவர்களின் ஆட்டத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் கெட்டி பிளாஸ்டிக் பந்துக்குள் இரும்புக் குண்டுகள் இருக்கும். கையைத் தாழ்த்தித்தான் வீசுவார்கள், தரையில் ஓடி வருகிற ஓசையைக் கேட்டு அடிப்பார்கள். அதன் முதல் உலகக் கோப்பை நம் டெல்லியில்தான் 1998இல் நடந்தது. கோல்பால் என்ற ஆட்டம் 1946இல், போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக உருவானது. அந்தப் பந்து 1.25 கிலோ. உள்ளே மணிகள், ஓசை வெளியே வர மேற்பரப்பில் எட்டுத் துளைகள். ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்கள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் இவற்றில் பந்து வருகிற திசையில் ஆள் தயாராக நிற்கிறார். வீட்டுக் கூடத்தில் தனியாக விளையாடுகிற குழந்தைக்கு அது போதாது.

இப்போதைக்கு ஒரு சுலபமான வழி. சாதாரணப் பந்தை ஒரு பாலிதீன் கவரில் போட்டு இறுக்கமாகக் கட்டிவிடுங்கள். தரையில் ஓடும்போது சரசரவென்று நன்றாகக் கேட்கும். கவர் முகத்தில் மாட்டிவிடாதபடி பெரியவர் யாராவது கூடவே இருக்க வேண்டும். சுவர் ஓரமாகத் தடுப்புப் போல இரண்டு தலையணை வைத்தால் பந்து எங்கே போய் நிற்கும் என்பதையும் அவள் பழகிக்கொள்வாள்.

அவளுக்காக ஒன்று செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். இதற்குப் பேட்டரி வேண்டும், மனதார ஒப்புக்கொள்கிறேன். உருளும்போது கம்பிகள் பாடட்டும். நின்ற பிறகு மட்டும் ஒரே ஒரு சுரம், கீழ் ஸட்ஜம், மூன்று விநாடிக்கு ஒரு தடவை மெல்ல ஒலிக்கட்டும், அவள் கை படும்வரை. பட்டன் பேட்டரி போடமாட்டேன். ஏஏ அளவு பேட்டரி இரண்டு, ஸ்க்ரூ மூடியோடு. மகளின் உள்ளங்கை அகலத்தையும், விரல்களை விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை எவ்வளவு என்பதையும் நூல் வைத்து அளந்து எழுதுங்கள். வீட்டுத் தரை மொசைக்கா, சிமெண்டா, டைல்ஸா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.