பையன் கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன், கணவர் கட்டிங் மாஸ்டர். மகள் ஒன்பதாவது, மகன் ஏழாவது. வீட்டுக்கு வந்து சோறாக்கி முடிக்கவே ஒன்பது மணி ஆகிவிடும். செபமாலைக்கு உட்கார்ந்தால் அவள் தூங்கி விழுகிறாள், இவன் விளையாடுகிறான். போன வாரம், "கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் எதுக்கு தினமும் கேக்கணும்?" என்றான். வாயிலேயே ஒன்று போட்டேன். ஞாயிறு காலை மகளுக்கு டியூஷன் வேறு. சிஸ்டர்கள் ஹாஸ்டலில் விட்டால் பக்தி வருமா? இந்தச் சந்தடியில் கடவுளை எங்கே தேடுவது?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள அம்மணி,

சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் ஞாயிறு பூசை காண வேண்டிய கடன் தீரும், மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹாஸ்டல் வேண்டாம். செபமாலை நல்லது, ஆனால் கட்டாயக் கடன் இல்லை. முடியாத நாளில் மாலையில் பத்து மணிகளை மட்டும் உருட்டிச் சொன்னால் போதும். நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, அதற்குமேல் பிள்ளைகளோடு முழங்காலிட நினைக்கிறீர்களே, அந்த மனசை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அந்த அடியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் பிள்ளைக்கு மந்திரம் எல்லாம் மனப்பாடமாக வருகிறது, கேள்வி கேட்டால் மட்டும் அடி விழுகிறது. உங்கள் பையன் கேட்டது மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் தேவை தந்தைக்குத் தெரியும் என்று இயேசு சொல்கிறார். சொன்ன கையோடு "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று செபிக்கவும் கற்றுக்கொடுக்கிறார். அந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் போய் நிற்கிற பையனை அடிப்பீர்களா?

செபமாலையில் திங்களும் சனியும் நினைத்துச் சொல்கிறோமே, இயேசுவின் பிறப்பும் சிறுவயதும் பற்றிய மகிழ்ச்சி மறையுண்மைகள், அதில் ஐந்தாவது என்ன? காணாமல்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது. அவருக்கு வயது பன்னிரண்டு, அதாவது ஏழாவது படிக்கிற வயசு. மூன்று நாளைக்கு அப்புறம் கண்டுபிடிக்கும்போது அவர் மந்திரம் ஒப்பித்துக்கொண்டு இருக்கவில்லை, போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். தாய் மனசு பதறி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் அதற்கும் எதிர்க்கேள்விதான் வந்தது. பிள்ளை சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். மாதாவுக்கே விளங்காத இடம் இருந்தது அம்மணி. அதற்காக அவர் கையை ஓங்கவில்லை, எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டார். நீங்களும் நானும் எந்த மூலை?

என் அப்பா சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் தறி ஓட்டினவர். அதிகம் படிக்காதவர். முழு ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து, குளித்துவிட்டு எங்களைப் பூசைக்குக் கூட்டிப்போவார். தங்கச்சி காய்ச்சலில் கிடந்தபோது, இத்தனை செபம் சொல்லியும் ஏன் குணமாகவில்லை என்று கேட்டேன். "எனக்குத் தெரியலியே சாமி, ஃபாதருகிட்டக் கேக்கலாம் வா" என்றார். பூசை முடிந்ததும் சாமியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பையன் கேக்கறானுங்க என்று சொல்லாமல், "எங்களுக்கு ஒரு சந்தேகமுங்க" என்று தன் கேள்வியாகவே கேட்டார். ஃபாதர் சொன்ன பதில் எனக்கு மறந்துபோச்சு. எங்களுக்கு என்று அப்பா சொன்னது மறக்கவில்லை. நான் இன்றைக்கும் கோவிலுக்குப் போகிறேன் என்றால் அதனால்தான்.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றும், பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோர் என்றும், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே எழுதி வைத்திருக்கிறது. அறிவிப்பவருக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டவனை விரட்டக் கூடாது.

இன்றைக்கு ராத்திரி செபமாலையை எடுக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெரியவள் முன்னாலேயே கேளுங்கள், அவளும் ஏதோ கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பாள். பிறகு மத்தேயு ஆறை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள், கணவரையும் கூட உட்கார வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரிடம் கூட்டிப் போய் நீங்களே கேளுங்கள். அவர் என்ன சொன்னார், அதற்குப் பையன் என்ன திருப்பிக் கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.