ரவையும் ஆஃபாயிலும்

(ஆய்வகம் ஒன்றின் அனிமல் ஹவுஸில், அதாவது சோதனைக்கான விலங்குகளை வளர்க்கும் இடத்தில், 31 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. ஆய்வகத்தில் எட்டு மாதமாக வளர்த்த செல்லில் (உயிரணுக்களில்) மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி வந்துவிட்டது என்று போனில் அழுகிறாள். பால் திரிந்தால் நமக்கு உடனே தெரிகிறதே, இவ்வளவு படித்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? — தஞ்சாவூர் வாசகி

பதில்: அம்மா, முதலில் அவளைத் திட்டாதீர்கள். சாதாரண பாக்டீரியா விழுந்திருந்தால் மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்திருப்பாள். செல் வளர்க்கும் மீடியாவில், அதாவது ஊட்டச்சத்துத் திரவத்தில், ஒரு சிவப்புச் சாயம் இருக்கும். பாக்டீரியா பெருகினால் அது ராத்திரியோடு ராத்திரியாக மஞ்சளாகி, நீராகாரம் மாதிரி கலங்கிவிடும். மைக்கோபிளாஸ்மாவும் பாக்டீரியா இனம்தான், மிகச் சிறியது; ஆனால் அதனிடம் அந்த நாணயம் கிடையாது. ஒரு மில்லியில் கோடிக்கணக்கில் இருந்தாலும் மீடியா தெளிவாகவே நிற்கும். அதற்குச் செல் சுவர் இல்லாததால் பெனிசிலின் பலிக்காது. 0.2 மைக்ரான் ஃபில்டரில்கூடச் சில சமயம் நெளிந்து நுழைந்துவிடும். செல்லும் சாகாது, கொஞ்சம் சோம்பலாக வளரும், அவ்வளவுதான். ஆனால் மருந்து போட்டு அவள் அளந்த அளவில் செல்லின் பங்கு எது, கிருமியின் பங்கு எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அழுவது அதற்காகத்தான்.

எங்கிருந்து வந்தது என்பீர்கள். மீடியாவில் சேர்க்கும் மாட்டு சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) வழியாக வரலாம், செல்லைப் பிரித்தெடுக்க ஊற்றும், பன்றியிலிருந்து எடுக்கும் ட்ரிப்சின் என்ற என்சைம் வழியாக வரலாம். ஆனால் அடிக்கடி வருவது நம் வாயிலிருந்துதான். மைக்கோபிளாஸ்மா ஒரால் என்பது மனிதர் தொண்டையில் சாதுவாகக் குடியிருக்கும் வகை.

எலிகளுக்குப் புற்றுக்கட்டி செல்லை ஊசியில் ஏற்றுவதற்காக நாங்களும் செல் வளர்த்தோம். ஒருமுறை எங்களுக்கும் இது வந்தது. ஹூட் (சுத்தக் காற்றுப் பெட்டி) முன்னால் உட்கார்ந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கேன்டீனில் இன்று என்ன டிபன் என்று பேசிக்கொண்டே வேலை செய்யும் பழக்கம் அன்று எனக்கு இருந்தது. சந்தேகம் இன்றுவரை என் மேலேயே. டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இருட்டில் உட்கருக்கள் நீல வட்டமாக ஒளிரும், சுற்றிலும் ஒன்றும் தெரியக் கூடாது. எங்கள் ஸ்லைடில் வட்டங்களைச் சுற்றி ரவை தூவினாற்போல் நீலப் புள்ளிகள். அகார் என்ற கடற்பாசிக் கூழில் கிருமியை வளர்த்துப் பார்த்தபோது அச்சு அசல் ஆஃபாயில்: நடுவில் கரு, ஓரத்தில் வெள்ளை. அதற்கப்புறம் பல நாள் எனக்கு ஆஃபாயில் இறங்கவில்லை.

இப்போது பிசிஆரில் (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் சோதனையில்) ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள். அகார் சோதனைக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். சில வகைகள் அகாரில் வளரவே அடம்பிடிக்கும், ஆகவே ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது. மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆரம்பத்தில் செல்லை உறைய வைத்த குப்பி திரவ நைட்ரஜன் டேங்கில் இருக்கிறதா? இருந்தால் அதை எழுப்பி, சோதித்து, சுத்தம் என்றால் அங்கிருந்து தொடங்கலாம். இப்போது கையில் இருப்பதை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமியைக் கொல்லும் கருவியில்) போட்டுவிடச் சொல்லுங்கள். மருந்து கொடுத்துக் காப்பாற்றும் வழியும் உண்டு, ஆனால் வேறெங்கும் கிடைக்காத செல்லுக்குத்தான் அந்தப் பாடு.

கேள்வி: ஆய்வகத்தில் எப்படியும் சாகப்போகிற எலிக்கு எதற்கு சார் ஹெல்த் செக்கப்? — மதுரை கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, எலிகளின் மவுஸ் ஹெபடைட்டிஸ் வைரஸும் ஒரு கொரோனா வைரஸ்தான். வளர்ந்த எலிக்கு வந்தால் பெரும்பாலும் தும்மல்கூட இருக்காது. ஆனால் உள்ளே நோய் எதிர்ப்பு சக்தியை உலுக்கிவிடும், உங்கள் தடுப்பூசிக் கணக்கு அதோடு போயிற்று. அதனால் அறைக்கு அறை சென்டினல், அதாவது காவல் எலிகள் வைப்போம். மற்றக் கூண்டுகளின் அழுக்குப் படுக்கையை வாராவாரம் ஒரு கை அள்ளி இவற்றின் கூண்டில் போடுவோம். இரண்டு மூன்று மாதம் கழித்து இவற்றின் ரத்தத்தைச் சோதித்தால் அறையின் வண்டவாளம் தெரியும். எலிகளின் மூச்சுப் பாதையைத் தாக்கும் சென்டாய் வைரஸ் போல இந்த வழியில் சரியாகத் தொற்றாதவையும் உண்டு. அதற்காகக் கூண்டு ரேக்கின் காற்றுக்குழாய்த் தூசியை வழித்து பிசிஆருக்கு அனுப்புகிறார்கள்.

எனக்குப் பிடித்தது செல்லோடேப் சோதனை. வாலைத் தூக்கி ஆசனவாயில் டேப்பை ஒற்றி, ஸ்லைடில் ஒட்டிப் பார்த்தால், சைஃபேசியா புழுவின் முட்டைகள் குட்டி வாழைப்பழச் சீப்பு மாதிரி கிடக்கும். செலவு சில பைசா, எலி கடித்தால் டெட்டனஸ் ஊசி தனி.

எலி மட்டுமல்ல, எலிக்குள் போவதையும் சோதிக்க வேண்டும். 1995-இல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் கடற்படை மருத்துவ ஆய்வு நிலையத்து எலிகளுக்கு எக்ட்ரோமீலியா, அதாவது எலி அம்மை வந்தது. சீனாவிலிருந்து வரவழைத்த எலி சீரத்தில் வைரஸ் இருந்திருக்கிறது.

கேள்வி: ஒரு செல் இன்னொரு செல்லின் பெயரில் உலவும் என்கிறார்களே, உண்மையா? — கோவை வாசகர்

பதில்: உண்மை. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த ஹீலா செல், ஒரு துளி தெறித்தாலே அடுத்த பிளாஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். கல்லீரல் செல் என்று பலர் வாங்கி வளர்த்த 'சாங் லிவர்' அசலில் ஹீலாதான். 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் ஆய்வாளர் ஒரு என்சைமின் வகையை வைத்து இந்தக் குட்டை உடைத்தபோது அறிவியல் கூட்டத்தில் யாருக்கும் ரசிக்கவில்லை. இன்று எஸ்டிஆர் சோதனை, குற்ற வழக்கில் செய்யும் அதே டிஎன்ஏ கைரேகை. பக்கத்து லேபில் கடன் வாங்கிய செல்லுக்கு இதைச் செய்யாமல் கட்டுரை எழுதாதீர்கள். புனேயில் தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியம் இருக்க, கடன் எதற்கு?

கேள்வி: உங்கள் வீட்டில் எலி வந்தால் என்ன செய்வீர்கள்? — அதே கோவை வாசகர்

பதில்: பொறி வைப்பேன். வீட்டுச் சுண்டெலி, மூளையுறை அழற்சி தரக்கூடிய எல்சிஎம் வைரஸைச் சுமக்கலாம், மனிதருக்கும் தொற்றும். அதனால் கையுறை போட்டுத்தான் பொறியைத் தொடுவேன். போன மாதம் ஒன்று மாட்டியபோது செல்லோடேப் எங்கே என்று கேட்டேன். என் மனைவி தரவில்லை.