மூடியைத் திறந்தால்: கணினி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எதை வாங்கிப் போடுவது?" என்றே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு எதையும் வாங்கத் தேவையில்லை.

எஸ்.கே., ஹட்டன்: மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் இருப்பது எச்61 மதர்போர்ட், ஐ3-2120 புரொசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணினால் வேலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகிறது. ஸூம் வகுப்பு சிக்கிச் சிக்கி நிற்கிறது. கடையில் ஐ7 போடச் சொல்கிறார்கள். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மெஷின் மந்தமாக இருக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு 20, 30 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100இல் நின்றால் ஐ7 போட்டாலும் அதே ஐந்து நிமிடம்தான். உங்கள் மெஷினில் பெரும்பாலும் அதுதான் தெரியும். டிஸ்க்கும் சிபியுவும் சும்மா இருந்தும் ஸூம் சிக்கினால் கோளாறு இணையத்தில். ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்க்கச் செலவில்லை.

முதலில் 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்; சாட்டா என்பது அதைப் போர்டோடு இணைக்கும் ஒயர் வகை) ஒன்று போடுங்கள். எச்61 போர்டில் சாட்டா வேகம் விநாடிக்கு 3 கிகாபிட் மட்டுமே. பெட்டியில் விநாடிக்கு 550 எம்பி என்று அச்சடித்திருந்தாலும் உங்களுக்கு 270 அளவில்தான் வரும். அதனால் மிக வேகமானதைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. சுவிங்கம் பட்டை போன்ற என்விஎம்இ வகையை அடாப்டரில் மாட்டலாம் என்பார்கள். இந்தத் தலைமுறை போர்டு சாதாரணமாக அதிலிருந்து விண்டோஸை பூட் செய்யாது.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுப்பதற்கு (க்ளோன்) முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். கடைசி நிரலில் பூச்சியம் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. க்ளோன் பாதியில் நிற்கும். அப்படியானால் மகளின் பாடக்குறிப்புகளை முதலில் பென்டிரைவில் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் புதிதாகவே விண்டோஸ் போடுங்கள்.

பயாஸில் (மெஷின் எழும்பும்போது போர்டு முதலில் ஓட்டும் அமைப்பு நிரல்) சாட்டா மோடு ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். க்ளோன் செய்த விண்டோஸில் நேராக மாற்றினால் நீலத்திரை வரும். விண்டோஸின் எம்எஸ்கன்ஃபிக் அமைப்புப் பெட்டியில் சேஃப் பூட் தெரிவு செய்து ரீஸ்டார்ட் பண்ணி, பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கி, சேஃப் மோடில் ஒரு தடவை திறந்தபின் அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள். டிரைவர் தானாக ஏறிக்கொள்ளும்.

இரண்டாவது ராம். எச்61இல் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்தான். இருக்கும் 4 ஜிபிக்குப் பக்கத்தில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டால் டூயல் சேனலும் (இரண்டு குச்சியையும் ஒரே நேரத்தில் படிப்பது) கிடைக்கும். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினுக்கு அது நல்ல லாபம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று மிக மலிவாக விற்கும் டிடிஆர்3 குச்சிகள் இன்டெல் போர்டில் வேலை செய்யாது. மெஷின் ஓடும், திரை வராது. மாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

இவை இரண்டுக்கும் பிறகும் போதவில்லை என்றால் புரொசசர். அப்போதும் ஐ5-3470 போதும்: நான்கு கோர், 77 வாட். ஐ3-2120 65 வாட். இருக்கும் இன்டெல் ஃபேனே தாங்கும். ஆனால் மூன்றாம் தலைமுறைப் புரொசசரை ஆரம்பகால எச்61 பயாஸ் அடையாளம் காணாது. ஆகவே பழைய ஐ3 மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள், அதுவும் யூபிஎஸ்ஸில் வைத்து. அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்த மாதிரிதான்.

ஃபேனைக் கழற்ற அதன் நான்கு கால்களையும் மேலே உள்ள அம்புக்குறித் திசையில் கால்வட்டம் திருப்பி இழுங்கள். புரொசசரின் மேலுள்ள பழைய வெப்பப் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, புதிய பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வையுங்கள். மாட்டும்போது நான்கு கால்களையும் எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்துங்கள். நான்கு 'டக்' கேட்க வேண்டும். மூன்று கேட்டால் ஒரு மூலை தூக்கி நிற்கும், மெஷின் சூடேறித் தானாக அணையும்.

ஆர்.பி., நுவரெலியா: விடியற்காலையில் ஆன் பண்ணினால் பீப் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பு. நாலைந்து தடவை அணைத்துப் போட்டால் வேலை செய்கிறது. பகலில் கோளாறே இல்லை.

பீப் கணக்கு போர்டுக்குப் போர்டு மாறும், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் குளிரில் மட்டும் வரும் கோளாறுக்கு இரண்டு சந்தேக நபர்கள். ஒன்று ராம் தொடுமுனை. 1,868 மீற்றர் உயரத்தில் பனிமூட்டமும் ஈரமும் அதற்கு நல்லதல்ல. விறகு அடுப்புப் புகை எட்டும் இடத்தில் மெஷின் இருந்தால் புகைக்கரியும் ஈரமும் சேர்ந்து பசைபோல் படியும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு, ராமை எடுத்து அதன் தங்க விளிம்பை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளைத் தட்டிவிட்டு, ஸ்லாட்டைத் தூரிகையால் துடைத்து மாட்டுங்கள். உப்புத்தாள் கூடாது, தங்கப்பூச்சு போய்விடும். அல்ககோலால் துடைப்பதானால், 70 சதவீத அல்ககோலில் தண்ணீர் இருப்பதால் நன்றாகக் காயவிட வேண்டும்.

இதற்குப் பிறகும் அப்படியே என்றால் பவர் சப்ளை. பழைய மின்தேக்கிகள் குளிரில் பலவீனமாகும், சூடேறினால் தேறும். "நாலைந்து தடவைக்குப் பிறகு வருகிறது" என்பது அதற்குப் பொருந்துகிறது. தெரிந்தவரிடம் நல்ல பவர் சப்ளை ஒன்றை ஒரு காலைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். தலைமுடி உலர்த்தியால் போர்டைச் சூடாக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

எம்.எஸ்., பதுளை: மாலை ஆனால் யூபிஎஸ் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு வருடத்திலேயே பேட்டரி போய்விட்டது. யூபிஎஸ் மட்டமானதா?

யூபிஎஸ்ஸைக் குறை சொல்லுமுன் மல்டிமீட்டரை ஏசி 750இல் வைத்து மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் நடுவில் சுவர் பிளக்கை அளந்து எழுதிவையுங்கள். நம் நாட்டு அளவு 230 வோல்ட், 6 சதவீதம் கூடக்குறைய. அதாவது 216 முதல் 244 வரை. 180க்கு இறங்கினால் யூபிஎஸ்ஸின் ரிலே (உள்ளே இருக்கும் சுவிட்ச்) மாறி மாறி வோல்டேஜைத் தூக்கும், அதுதான் அந்த டக். இன்னும் இறங்கினால் பேட்டரிக்குத் தாவும். தினமும் மாலையில் இப்படி வடிந்தால் எந்தப் பேட்டரியும் தாங்காது. யூபிஎஸ் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 150 வாட் இழுக்கும் பவர் சப்ளை 230இல் 0.65 அம்பியர் எடுக்கும், 170இல் 0.88. மெல்லிய ஒயரும் மல்டி பிளக்கும் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே லைனில் கேத்தல், ரைஸ் குக்கர் ஓடும்போது மட்டும் இறங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் குற்றம் வீட்டு ஒயரிங்கில். அக்கம்பக்கத்திலும் அதே அளவு என்றால், எழுதிவைத்த அளவுகளோடு மின்சார அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.

பேட்டரியை நீங்களே மாற்றலாம். 650 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி, 151 × 65 × 94 மில்லிமீற்றர். முனை அகலம் 4.8, 6.3 என இரண்டு உண்டு, பழையதைக் கையில் கொண்டுபோங்கள். கடையில் கிடந்து வடிந்ததை வாங்காமலிருக்க அங்கேயே அளக்கச் சொல்லுங்கள், 12.4க்குக் கீழே என்றால் வேறு கேளுங்கள். சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றி, முதல் 8 மணி நேரம் சும்மா சார்ஜ் ஏற விடுங்கள். கணக்குக்கு 84 வாட்-மணி என்றாலும் வேகமாக இழுக்கும்போது பாதி அளவே கிடைக்கும். 120 வாட் மெஷினுக்கு 20 நிமிடம் வந்தால் திருப்திப்படலாம். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருக வேண்டாம்.

வாசகர், பண்டாரவளை: அலுவலகங்களில் கழித்த சின்ன கேசிங் மெஷின் வாங்கினேன். பவர் சப்ளையில் 240 வாட் என்றிருக்கிறது. கேம் விளையாட கிராபிக்ஸ் கார்ட்?

குட்டை வகைக் கார்ட்தான் உள்ளே போகும். அதோடு கார்டைக் கேசிங்கில் பிடிக்கும் குட்டைத் தகடும் பெட்டியில் இருக்க வேண்டும். தனி பவர் ஒயர் கேட்கும் கார்ட் வேண்டாம், ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் தராது. என்விடியா ஜிடி 1030 கார்ட் என்றால் 30 வாட் அளவு, பாதுகாப்பானது. ஆனால் அதே பெயரில் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என இரண்டு நினைவக வகை உண்டு. நினைவக வேகம் முதலாவதில் விநாடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 17 கூட இல்லை. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கே.டி., மஸ்கெலியா: ஏப்ரல் இடிக்குப் பிறகு லேன் போர்ட் (இணையக் கேபிள் செருகும் துளை) மட்டும் செத்துவிட்டது. பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தேன்.

இடி தொலைபேசி ஒயர் வழியாக ரவுட்டருக்குள் வந்து, லேன் கேபிளில் இறங்கியிருக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் இருட்டினால் மூன்றையும் கழற்றுங்கள்: பிளக், தொலைபேசி ஒயர், லேன் கேபிள். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அதன் அடாப்டரைக் கழற்றினால் போதும். போர்டை மாற்ற வேண்டியதில்லை, யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வேலையை முடித்துவிடும்.

எஸ். (மாணவி), பொகவந்தலாவ: கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போகிறது. இணையத்தளங்கள் பாதுகாப்பில்லை என்கின்றன. இப்போது விண்டோஸே எழும்பவில்லை.

மூன்றும் ஒரே காரணம். போர்டில் இருக்கும் நாணய அளவு சிஆர்2032 பேட்டரி முடிந்துவிட்டது. தேதி பின்னால் போனால் தளங்களின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காததாகத் தெரியும். பயாஸ் அமைப்பும் அழிவதால் சாட்டா மோடு மாறி விண்டோஸ் நீலத்திரைக்குப் போகும். பேட்டரியை எழுத்துப் பக்கம் மேலே இருக்க மாற்றி, தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை முன்பிருந்தபடி வையுங்கள். முன்பு என்ன இருந்தது என்று நினைவில்லையா? ஏஎச்சிஐ வைத்துப் பாருங்கள், வராவிட்டால் மற்றது. விண்டோஸை அழித்துப் போட வேண்டாம்.

வி.என்., தலவாக்கலை: விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே. என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5. லினக்ஸ் போட்டால் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் என்னாகும்?

2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி கேட்கிறது. லினக்ஸ் மின்ட்டுக்கு 4 ஜிபி ராம் போதும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், டிஸ்க்கில் கை வைக்காமலே தெரிந்துவிடும். பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டுபோய் நிறுவினால் பழைய கோப்புகள் லிப்ரே ஒபிஸில் எழுத்து மாறாமல் திறக்கும். யூனிகோடில் தட்ட, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, லொக் அவுட் செய்து வந்து, தமிழ் பட்டியலில் எல்கே-ரெங்கநாதன் என்ற விசைப்பலகையைத் தெரிவு செய்யுங்கள்.