பாடகருடன் ஊர் ஊராகப் போகலாமா?

கேள்வி: கோத்தகிரியில் சிறிய ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை என்று எடுப்பேன். போன மாதம் கோவையில் ஒரு பிரபல பாடகரின் கச்சேரியை எடுத்தேன். படங்கள் பிடித்துப்போய், நான்கு மாதச் சுற்றுப்பயணத்துக்குக் கூடவே வரச் சொல்கிறார்கள். இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, "கடையை மூடிட்டுப் போகாதே" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: போங்கள் தம்பி. ஆனால் அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். 1967-இல் ஃபிலிம் தயாரிக்க ஆரம்பித்த இடம், டிஜிட்டல் வந்ததும் எப்படி ஓய்ந்துபோனது என்று கண்ணால் பார்த்தவர் அவர். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் முதலில் நான்கு கச்சேரிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். கச்சேரிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வரும். உங்கள் கல்யாண ஆர்டர்கள் சிலவும் அன்றைக்கே வரலாம். அந்த நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் கிடைக்கிறாரா என்பது இந்த நான்கிலேயே தெரிந்துவிடும்.

நானும் இரண்டு வருடம் இப்படிச் சுற்றியவன். மேடை வெளிச்சம் அணைந்ததும் உங்கள் வேலை முடியாது. பாடகரின் சமூக ஊடகப் பக்கத்தில் போட அன்றிரவே பதினைந்து இருபது படம் கேட்பார்கள். தேர்ந்தெடுத்து, கலர் சரிசெய்து அனுப்ப விடியற்காலை மூன்றாகும். ஆறு மணிக்கு விமான நிலையம். மகளோடு பேச ஒரு நேரத்தை இப்போதே குறித்துவையுங்கள். சவுண்ட் செக்குக்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும்.

படமெடுப்பதில் ஒன்று சொல்கிறேன். பண்டிகையில் வெள்ளை உடுத்திய கூட்டத்தைப் பனிமூட்டத்தில் எடுக்க, கேமரா காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தின் ஒரு படி) கூட்டி வைத்திருப்பீர்கள். மேடையில் அதற்கு நேர் எதிர். பின்னணி கறுப்பு, முகத்தில் மட்டும் வெளிச்சம். ஒரு ஸ்டாப் குறைக்காவிட்டால் முகம் வெளுத்துப்போகும். சிவப்பு எல்.இ.டி. வந்தால் இன்னும் மோசம். அப்புறம், காதுக்கு இயர்பிளக் இல்லாமல் ஸ்பீக்கர் பக்கம் நிற்கவே நிற்காதீர்கள்.

முக்கியமானது ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை அவருக்கே. இது தெரியாமல் நான் மெமரி கார்டை அப்படியே கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து என் படம் ஊரெல்லாம் போஸ்டரில். என் பெயர் எங்கும் இல்லை. சம்பளத்துக்கு மேல் காசும் வரவில்லை. கேட்கவும் வழியில்லை. படம் யாருடையது, எங்கே பயன்படுத்தலாம், பெயர் போடுவார்களா, நீங்கள் உங்கள் ஆல்பத்தில் வைக்கலாமா, நான்கையும் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

மேடைக்குப் பின்னால் எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்பது எந்தத் தாளிலும் இருக்காது. ஒரு முறை, மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது, நான் கூடப் போன பாடகரின் கையிலிருந்த வெந்நீர் டம்ளர் நடுங்கி நீர் விரலில் சிந்தியது. அருமையான வெளிச்சம். நான் கேமராவை இறக்கிவிட்டேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஊரிலிருந்து அவர் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

கிளம்பும் நாளில் இன்னொன்று. குளிரில் இருந்த கேமராவை மேட்டுப்பாளையம் இறங்கியதும் பையிலிருந்து எடுக்காதீர்கள். லென்ஸில் நீர் பூத்துவிடும். ஜிப்பை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள்.