இரவு மாத்திரையை இன்றே நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. அப்பா இறந்த பிறகு படபடப்பு, தூக்கமின்மை. டாக்டர் காலையில் எஸ்சிடலோப்ராம் 10 மி.கி., இரவில் குளோனாசெபம் 0.5 மி.கி. எழுதினார். ஆறு மாதமாக அதே சீட்டில் வாங்குகிறோம். இப்போது நன்றாக இருக்கிறார். இரவு மாத்திரை பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பழக்கமாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் குளோனாசெபம் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் நடுக்கம், தூக்கமின்மை, பழையதைவிட மோசமான படபடப்பு வரலாம். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். பல வாரங்களில், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும். அந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

படபடப்பையும் மனச்சோர்வையும் குறைக்கும் காலை மாத்திரையான எஸ்சிடலோப்ராம் வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாங்குவதற்காகவே பெரும்பாலும் குளோனாசெபம் சேர்ப்போம். அதனால் இந்த வாரமே அம்மாவை அழைத்துப்போய், "இது இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டிக்கொண்டே இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. காலை மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அம்மாவின் வயதில் இன்னொரு பயம், விழுவது. இரவில் பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும். சளிக்கு செட்ரிசின், கோடின் கலந்த இருமல் மருந்து எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். மயக்கம் கூடும், கோடின் மூச்சையே மந்தமாக்கும். அப்புறம், துக்கத்தைப் பேசவும் ஆள் வேண்டும். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம்.