முதல் பிரசவத்தில் தோள் சிக்கியது; மறுபடியும் சிக்குமா?

கேள்வி: முதல் குழந்தை 4.1 கிலோ. வேக்குவம் (தலையில் பொருத்தி இழுக்கும் கருவி) வைத்து எடுத்தார்கள். வலது கை தூக்க முடியாமல் கிடந்து, ஐந்தாம் மாதத்தில்தான் முழுதாகச் சரியானது. இப்போது எனக்கு ஏழாம் மாதம், சர்க்கரையும் இருக்கிறது. இந்தக் குழந்தைக்கும் அப்படி ஆகுமா?

பதில்: ஆகியே தீரும் என்பதில்லை, ஆனால் மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் தோளருகே பின்னலாகச் சேர்கின்றன. தலை வெளிவந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டும்போது அந்தப் பின்னல் இழுபட்டு, கை தூக்க முடியாமல் போகிறது. முன்பு தோள் சிக்கியது, சர்க்கரை, பெரிய குழந்தை, கருவி வைத்து எடுப்பது ஆகியவை முக்கியக் காரணிகள். இவற்றில் இன்றே உங்கள் கையில் இருப்பது சர்க்கரைதான். அது கட்டுப்படாவிட்டால் கொழுப்பு குழந்தையின் தோளிலும் உடலிலும் சேர, தலை எளிதாக வெளிவந்தும் தோள் மாட்டிக்கொள்கிறது.

காரணி எதுவும் இல்லாத, மூன்று கிலோகூட எட்டாத குழந்தைக்கும் இது நேர்வதுண்டு. பாதிக்கப்படும் குழந்தைகளில் பாதிக்கு மேல் காரணி எதுவும் இல்லாதவர்களே. சிசேரியனில் பிறந்தும் கை தூக்காத குழந்தையைக் காண்கிறோம். ஆகவே, ஸ்கேனில் எடையைக் காட்டி, "அறுவை செய்தால் கைக்கு நூறு சதவீதம் உத்தரவாதம்" என்று பேக்கேஜ் பேசும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். ஸ்கேன் சொல்லும் எடை பத்து சதவீதத்துக்கு மேலும் பிசகலாம். நான்கு கிலோ என்பது மூன்றரையாகவும் இருக்கலாம், நான்கரையாகவும் இருக்கலாம். சர்க்கரையுள்ள தாய்க்கு 4.5 கிலோ என்று கணித்தால் சிசேரியனைப் பரிசீலிக்கலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டல். உங்கள் வரலாற்றுக்கு அந்தப் பேச்சை அதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

அதற்கு முதல் பிரசவத்தின் விவரம் வேண்டும். நம் டிஸ்சார்ஜ் தாள்களில் பெரும்பாலும் "வேக்குவம், ஆண், 4.1 கிலோ" என்பதோடு சரி, தோள் எத்தனை நிமிடம் சிக்கியது, எப்படி விடுவித்தார்கள் என்ற வரி இருக்காது. அடுத்த உயிரைக் காக்கும் அந்த ஒரு வரியை எழுத நம் மருத்துவமனைகளுக்கு ஏன் கை வருவதில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பழைய மருத்துவமனையில் பிரசவக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, இப்போதைய மருத்துவரிடம் காட்டுங்கள். தோள் சிக்கினால் தொடைகளை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தும் பயிற்சி பெற்றவர்கள் பிரசவ அறையில் இருக்க வேண்டும். மேல்வயிற்றை அமுக்கித் தள்ளுவது சிக்கலை இறுக்கும், அதை அனுமதிக்காதீர்கள்.

ஒருவேளை கை அசையாவிட்டால், "உரம் விழுந்திருக்கிறது, எடுத்துவிடுகிறேன்" என்று வருபவரிடம் குழந்தையைக் கொடுத்துவிடாதீர்கள். துணியில் உருட்டியும் கையைச் சுண்டியும் இழுத்தால் புண்பட்ட நரம்பு மேலும் கெடும். ஆரம்ப வாரங்களிலேயே பிசியோதெரபிஸ்ட் காட்டும் மென்மையான பயிற்சி போதும். மூன்று மாதம் ஆகியும் முழங்கையை மடக்காவிட்டால், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் காத்திராமல், நரம்பு அறுவை நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள்.