பரணிலிருந்து இறங்கிய செட்

கேள்வி: அப்பா 1979-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த செட்) 12 வருஷமாகப் பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கிப் போட்டேன். இடது பக்கம் சத்தமே இல்லை. வால்யூமை நன்றாகக் கூட்டினால் ‘டப்’பென்று வருகிறது, குறைத்தால் சற்று நேரத்தில் மறுபடி போய்விடுகிறது. எல்லாக் கண்டன்சரையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. கூட்டினால் வருகிறது, குறைத்தால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரியே போதும். எங்கோ ஒரு கான்டாக்ட், அதாவது சுவிட்ச் மாதிரி இடத்தில் ஒன்றையொன்று தொடும் உலோக முனை, கறுத்துப் படலம் பிடித்திருக்கிறது. மெல்லிய சிக்னலுக்கு அந்தப் படலத்தைத் தாண்டும் பலம் இல்லை. சத்தம் கூடினால் உடைத்துக்கொண்டு போகிறது.

முதலில் செட்டை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள். ஊமை அதே ஸ்பீக்கரோடு போனால் கோளாறு ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ, இல்லையென்றால் செட்டில். அப்புறம் டேப் மானிட்டர் சுவிட்சை (டேப் ரெக்கார்டர் பாட்டுக்கு மாற்றுவது) நாலு முறை தட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதைத் தொட்டே இருக்க மாட்டார்கள், ஆனால் மொத்தப் பாட்டும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நான் எப்போதும் அங்கேதான் ஆரம்பிப்பேன். தட்டும்போது சத்தம் வந்து வந்து போனால் பிளக்கைக் கழற்றி, அரை மணி நேரம் விட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை உள்ளே அடித்து முப்பது தடவை ஆட்டுங்கள். வால்யூமுக்கும் அதே வைத்தியம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். அப்படி ஒரு செட்டைச் சுத்தம் செய்யவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

அதிலும் சரியாகவில்லையா? சுவிட்ச் போட்டுச் சில விநாடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று கேட்கும், ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச் அது. பழைய செட்டில் இந்த மாதிரிக் கோளாறுக்கு அடிக்கடி காரணம் அதுதான். மெக்கானிக்கிடம் சொல்லி, கிளீனரில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டைக் கான்டாக்ட் நடுவில் இழுக்கச் சொல்லுங்கள். உப்புத்தாள் போட விடாதீர்கள், மேல் பூச்சு போய்விடும். கோளாறு மறுபடி வந்தால் அதே வோல்ட்டில் புது ரிலே.

எனக்குக் கவலை வேறு. 12 வருஷம் கிடந்ததை நேராகவா பிளக்கில் சொருகினீர்கள்? தொழில் கற்ற புதிதில் நானும் ஒரு செட்டை அப்படிச் சொருகினேன். பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 120-ல் நின்றதைக் கவனிக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. ஒருவர் தன் கல்யாணத்துக்கு வாங்கிய செட் அது. இன்றும் மனசு ஆறவில்லை. செலக்டர் 240-ல் இருக்கட்டும். நாள்பட்ட செட்டை முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, கரண்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது; பிரகாசமாகவே நின்றால் உடனே அணைக்க வேண்டும், உள்ளே ஷார்ட்.

கண்டன்சர் மாற்றவும் காலம் வரும். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் இரண்டு பக்கமும் ‘ஹம்’ கேட்டால் ஃபில்டர் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த முனைகளில் டி.சி. அளக்கச் சொல்லுங்கள்: 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் காரணம் தெரியும்வரை ஸ்பீக்கர் மாட்ட வேண்டாம்.

கேள்வி: டயல் பல்பு ஃபியூஸ். எல்.இ.டி. போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல செட்களில் அந்த பல்புக்கு வருவது ஏ.சி.; சாதாரண எல்.இ.டி. மினுக்கும். நான் அதே வோல்ட், அதே ஆம்பியர் பல்பைத்தான் போடுவேன். கூடுதல் வாட் போட்டால் சூட்டில் டயல் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.